வளர்ச்சி ஹார்மோன் குறைவும் இதயமும்: ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

இதயப் பிரிவின் புறநோயாளர் அறைக்குள் நுழையும் ஒருவரிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் சில உண்டு. நெஞ்சு வலிக்கிறதா, சர்க்கரை உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, புகைப் பழக்கம் உண்டா, குடும்பத்தில் எவருக்கேனும் மாரடைப்பு வந்ததுண்டா? இவை சரியான கேள்விகளே. மிகப் பெரும்பாலோருக்கு நோயின் காரணம் இவற்றுக்குள்ளேயே கிடைத்துவிடும். ஆயினும், இக்கேள்விகள் எவற்றிலும் பிடிபடாத சிலரும் அதே வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு மாடி ஏறினால் அவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, ஈ.சி.ஜி.யிலோ பெரிதாக ஒன்றும் தென்படவில்லை. கை கால்கள் மெலிந்திருக்க, வயிறு மட்டும் பருத்திருக்கிறது. உண்பது குறைவு, இரத்தத்தில் கொழுப்போ மிகுதி. குளிர் தாங்கவில்லை, பகலிலும் உடல் படுக்கையைத் தேடுகிறது. இந்நிலைக்கு நம் ஊரில் வழங்கும் பெயர் ‘பலவீனம்’. சத்து மாத்திரையும் ஒரு பாட்டில் குளுக்கோசும் பெற்றுக்கொண்டு அவர்கள் வீடு திரும்புகிறார்கள்.

இவர்களுள் சிலருக்கு நோயின் வேர் மார்பில் இல்லை, தலைக்குள் இருக்கிறது. பிட்யூட்டரிச் சுரப்பி செயல் குன்றியவர்கள் இவர்கள். அவர்களது இதயத்தைக் குறித்தே இங்குப் பேச விரும்புகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இத்தகையோருக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி பயன் தரக்கூடும். ஆனால் முதலில் செய்ய வேண்டியது அதுவன்று. பழைய நோய்க்கதையைக் கேட்டறிவதும், விலை குறைந்த சில மாத்திரைகளைச் சரியான அளவிலும் சரியான வரிசையிலும் கொடுப்பதுமே முதற்கண் செய்ய வேண்டியவை. இன்று நடப்பதோ பல வேளைகளில் இதற்கு நேர்மாறானது. கதையைக் கேட்பார் இல்லை. ஊசியைப் பற்றிக் கேட்போர் மட்டும் பெருகிவருகிறார்கள்.

பிட்யூட்டரி ஒரு பட்டாணியளவே உள்ள சுரப்பி. மூக்கின் வேருக்கு நேர் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில், ஓர் எலும்புக் குழிக்குள் அது அமர்ந்திருக்கிறது. மெல்லிய காம்பு ஒன்று அதனை மூளையோடு இணைக்கிறது. தைராய்டு, அட்ரினல், பெண்ணின் சூலகம், ஆணின் விரை ஆகிய சுரப்பிகளுக்கு ஆணையிடுவது அதுவே. அவற்றோடு வளர்ச்சி ஹார்மோனையும் அது சுரக்கிறது. ‘வளர்ச்சி’ என்னும் பெயர்தான் பலரையும் மயங்கச் செய்கிறது. உயரம் நின்ற பின்னர் அதற்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். வேலை உண்டு. வாழ்நாள் முழுவதும், பெரும்பாலும் இரவு உறக்கத்தின்போது, அது விட்டுவிட்டுச் சுரந்துகொண்டே இருக்கிறது. தானாகவும், கல்லீரலைத் தூண்டி அங்கு உண்டாகும் ஐ.ஜி.எஃப்.-1 என்னும் பொருளின் வழியாகவும் அது செயற்படுகிறது. தசையைப் பேணுவதும், கொழுப்பைக் கரைப்பதும், உடலின் உப்பையும் நீரையும் அளவோடு நிறுத்துவதும் அதன் பணிகள். இதயத் தசையும் தசைதானே! அந்நார்களிலும் இவ்விரண்டையும் ஏற்கும் வாயில்கள் உள்ளன.

ஆகவே இந்த ஹார்மோன் நெடுங்காலம் குறைந்திருந்தால் இதயத்தின் சுவர் சற்று மெலிகிறது. அதன் மொத்த எடை குறைகிறது. ஓய்வில் படுக்கவைத்து எடுக்கும் எக்கோவில் இது தெரியாமலே போகலாம். உடற்பயிற்சியின்போதுதான் குறை வெளிப்படும். கூடுதல் இரத்தம் வேண்டிய வேளையில் இதயத்தால் அதனை முழுமையாகத் தர இயலாது. சிறுவயதிலேயே குறைபாடு தோன்றியவர்களிடம் இதயத்தின் மெலிவு மிகுதியாகக் காணப்படுகிறது. நடுவயதில் தோன்றியவர்களிடம் வயிற்றுக் கொழுப்பும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். உயர்வும், இரத்தக் குழாய்ச் சுவரின் தடிப்பும் முன்னிற்கின்றன. இது மாரடைப்பு போலத் திடீரென வந்து அறைவதன்று. மெல்ல மெல்லத் தேய்வது. அதனால்தான் எவர் கண்ணிலும் படுவதில்லை.

நம் பகுதியில் இக்குறை எவருக்கு வருகிறது? கட்டியும், அதற்கான அறுவையும், கதிர்வீச்சும் உலகெங்கும் உள்ள காரணங்கள். அவற்றை அடைந்தவர்கள் தங்கள் நோயின் பெயரை அறிந்திருப்பார்கள். எங்கள் கவலை, தங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையே அறியாத மூன்று வகையினரைப் பற்றியது.

முதலாமவர், பிரசவத்தில் பெரும் உதிரப்போக்கைக் கண்டு பிழைத்த தாய். கருவுற்ற காலத்தில் பிட்யூட்டரி பருக்கும். அதற்கு இரத்தம் மிகுதியாகத் தேவைப்படும். அவ்வேளையில் உதிரம் பெருகி இரத்த அழுத்தம் சரிந்தால், முதலில் பட்டுப்போவது அச்சுரப்பிதான். இதனை 1937ஆம் ஆண்டில் தெளிவாக விளக்கியவர் கிளாஸ்கோவில் பணியாற்றிய ஹரால்டு ஷீஹன் என்னும் நோய்க்கூற்றியல் மருத்துவர். நோய்க்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. மேலை நாடுகளில் அருகிவிட்ட இந்நோய் இந்தியாவில் அருகவில்லை. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ஸ்ரீநகர் மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று ஆய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவின்படி, இருபது வயதைக் கடந்த, பிள்ளை பெற்ற பெண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்கு இக்குறை இருந்தது. அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் வீட்டிலேயே பிரசவித்தவர்கள்.

காஷ்மீரின் கணக்கை அப்படியே சென்னைக்குப் பொருத்திவிட முடியாது. இராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை வடசென்னைத் தாய்மார்களுக்குத் தலைமுறைகளாக வாய்த்த துணை. இன்று நம் பகுதியில் வீட்டுப் பிரசவம் என்பதே அரிது. ஆனால் வயதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1960களில் சுத்திகரிப்பு ஆலையும் அதையடுத்து உரத் தொழிற்சாலையும் எழுந்த பிறகு மணலிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல மாவட்டங்களைச் சேர்ந்தவை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். இன்று அறுபதைக் கடந்திருக்கும் ஒரு தாய், தம் பிள்ளையைப் பெற்றது ஏதோ ஒரு சிற்றூரில், மருத்துவச்சியின் கையில் இருக்கலாம். ‘பிள்ளை பிறந்தபோது உதிரம் நிற்கவில்லை, பால் சுரக்கவே இல்லை, அதன்பின் தூரமும் வரவில்லை’ என்ற மூன்றையும் அவரே சொல்லுவார், கேட்டால். முப்பது ஆண்டுகளாக எவரும் கேட்பதில்லை. பால் சுரக்காததைக் குறையாகவும் வெட்கமாகவும் எண்ணி அவரும் தாமாகச் சொல்வதில்லை.

இரண்டாமவர், தலையில் அடிபட்டவர். மணலி விரைவுச் சாலையிலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே இருசக்கர வண்டி ஓட்டிச் செல்வோரின் அன்றாடப் பாடு இங்கு எவருக்கும் விளக்க வேண்டியதன்று. உயரத்திலிருந்து தவறி விழும் தொழிலாளர்களும் உண்டு. மூளைக் காயத்தின்போது பிட்யூட்டரியின் மெல்லிய காம்பும் அதனூடே செல்லும் நுண்குழாய்களும் சேதமடையலாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் வெளியிட்ட கட்டுரையொன்று, மூளைக் காயமுற்றுப் பிழைத்தோரில் 27.5 விழுக்காட்டினருக்குப் பிட்யூட்டரியின் ஏதேனும் ஒரு பணி குறைந்திருந்ததாகக் கூறியது. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களையே எண்ணிய கணக்கு இது. சோதனை முறைகளும் இடத்துக்கிடம் வேறுபட்டவை. எனவே எண் சற்று மிகைப்பட்டதாகவே இருக்கலாம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அது சிறிதன்று. விபத்துக்குப் பின் ‘ஆள் பழையபடி இல்லை’ என்று மனைவி சொல்லும்போது, அதிர்ச்சி என்றும் குடி என்றும் சோம்பல் என்றும் அதற்குப் பெயர் சூட்டிவிடுகிறோம்.

மூன்றாமவர், கண்ணாடி விரியன் தீண்டிப் பிழைத்தவர். அதன் நஞ்சு இரத்தத்தை முதலில் உறையவைத்துப் பின்னர் உறையவே விடாமல் செய்துவிடும். சிலருக்குப் பிட்யூட்டரியின் நுண்குழாய்கள் அடைபட்டோ, அங்கே இரத்தம் கசிந்தோ சுரப்பி அழிகிறது. பர்மாவிலிருந்து 1987இல் இது விரிவாகப் பதிவானது. தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பதிவுகள் வந்துள்ளன. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்து வயல்களில் வேலை செய்தவர்களும், அங்கிருந்து நம் பகுதிக்கு வந்தவர்களும் இதனை நினைவில் கொள்ளல் வேண்டும். பாம்புக்கடி என்றால் பிழைத்தோம் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. பத்தாண்டுகள் கழித்து வரும் சோர்வை அதனோடு முடிச்சிட எவருக்கும் தோன்றாது.

இவர்களின் இதயத்துக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியை உலகின் முன் எழுப்பியது ஸ்வீடன் நாட்டுக் கோதன்பர்க் நகரத்து ஆய்வு. 1956 முதல் 1987 வரை அங்குப் பிட்யூட்டரிக் குறைபாடு கண்டறியப்பட்ட 333 பேரை ரோசன், பெங்ட்சன் என்னும் இரு மருத்துவர்கள் பின்தொடர்ந்தார்கள். அவ்வயதுடைய பொதுமக்களின் கணக்குப்படி ஏறத்தாழ 57 பேர் இறந்திருக்க வேண்டும். இறந்தவர்களோ 104 பேர். இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. இம்முடிவு 1990இல் வெளிவந்தது. அவர்களுக்குக் கார்ட்டிசாலும் தைராய்டு ஹார்மோனும் கொடுக்கப்பட்டிருந்தன. வளர்ச்சி ஹார்மோன் மட்டும் கொடுக்கப்படவில்லை. ஆகவே குற்றவாளி அதன் குறைவே என்று ஆய்வாளர்கள் ஐயுற்றார்கள்.

காலமும் அதற்கு ஏற்றதாக அமைந்தது. அதற்குமுன் வளர்ச்சி ஹார்மோன் இறந்தோரின் பிட்யூட்டரியிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் சிலருக்குக் கொடிய மூளைநோய் பரவியது தெரியவந்து 1985இல் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டில் மரபணுத் தொழில்நுட்பத்தால் உருவாக்கப்பட்ட ஹார்மோன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மருந்துக்குப் பஞ்சமில்லாமற்போன வேளையில் இதயச் சாவு பற்றிய செய்தியும் வந்து சேர்ந்தது. ‘ஊசி போட்டால் இதயம் காக்கப்படும்’ என்ற நம்பிக்கை அன்று பிறந்ததே. இன்றும் எங்களிடம் வருவோர் சிலர் அதே சொற்களைச் சொல்லித்தான் ஊசியைக் கேட்கிறார்கள்.

அந்த 333 பேரின் கதையைச் சற்று நின்று படிக்க வேண்டும். அக்காலத்தில் கார்ட்டிசால் வகை மருந்துகள் இன்று தருவதைக் காட்டிலும் மிகுந்த அளவில் தரப்பட்டன. அளவு மிகுந்தால் சர்க்கரையும் கொதிப்பும் கொழுப்பும் ஏறும். இதயத்துக்கு அவையே பகை. பலருக்குத் தலையில் கதிர்வீச்சு தரப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் 1014 பேரைக் கொண்டு நடத்தி 2001இல் வெளியிட்ட மற்றோர் ஆய்விலும் இறப்பு மிகுந்தே இருந்தது, ஆண்களினும் பெண்களிடம் கூடுதலாக. பாலின ஹார்மோன் குறைவுக்குச் சிகிச்சை பெறாதவர்களே மிகுதியாக இறந்தார்கள் என்பதை அவ்வாய்வு காட்டியது. ஆக, எல்லாப் பழியையும் வளர்ச்சி ஹார்மோன்மீதே சுமத்த இயலாது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டதும், கொடுத்ததை அளவுமீறிக் கொடுத்ததும் அந்த இறப்புகளில் பங்குடையவை.

நம் நாட்டிலிருந்தே இதற்குச் சான்று உண்டு. ஷீஹன் நோயோடு இதயம் விரிந்து, இறைக்கும் ஆற்றல் குன்றி வந்த பெண்களைப் பற்றி ஸ்ரீநகரின் ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது, வால்வு கசிந்தது. தைராக்சின் மாத்திரையையும் பிரட்னிசலோன் மாத்திரையையும் உரிய அளவில் கொடுத்து வர, இதயம் பெருமளவு மீண்டது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடாமலே கிடைத்த மீட்சி அது. அந்த மாத்திரைகளுக்கு நாளொன்றுக்கு ஆகும் செலவு சில ரூபாய். இதய மாற்று அறுவைக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் நிலையும், சில ரூபாய் மாத்திரையில் மீளும் நிலையும் எக்கோ படத்தில் ஒரே மாதிரித் தோன்றக்கூடும் என்பதை நினைக்கும்போதுதான், ‘பால் சுரந்ததா அம்மா?’ என்ற கேள்வியின் மதிப்பு புரிகிறது.

வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும்; இதில் தவறினால் உயிருக்கே இடர். பிட்யூட்டரி குன்றியவருக்கு முதலில் கார்ட்டிசால், அதன் பின்னரே தைராக்சின். கார்ட்டிசால் இல்லாதவருக்குத் தைராக்சினை மட்டும் கொடுத்தால், இருக்கும் சிறிதளவும் விரைவில் செலவாகி, இரத்த அழுத்தம் சரிந்து அவர் மயங்கி விழலாம். அதனால்தான் தைராய்டு குறைவு என்று கண்டவுடன் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதை நாங்கள் கண்டிக்கிறோம். வளர்ச்சி ஹார்மோனும் இவ்வாறே. அது உடலில் உள்ள கார்ட்டிசாலின் ஒரு பகுதியைச் செயலற்றதாக மாற்றிவிடும். மறைந்திருந்த அட்ரினல் குறைவு ஊசி தொடங்கியபின் வெளிப்படுவது இதனாலேயே. கார்ட்டிசாலின் அளவும் முக்கியமானது. ஹைட்ரோகார்ட்டிசோனாக எடுப்போருக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து எடுப்பதே பொதுவான அளவு. பல ஆண்டுகளுக்கு முன் எழுதித்தந்த கூடுதல் அளவையே இன்னும் தொடர்ந்து கொண்டிருப்போர் அதனை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

இனி ஊசியின் பயன். வயதுவந்தவர்களிடம் நடந்த முதல் கட்டுப்பாட்டு ஆய்வுகள் 1989இல் வெளிவந்தன. தசை கூடியது, கொழுப்பு குறைந்தது. இதயத்தை மட்டும் நோக்கிய பதினாறு ஆய்வுகளின் தொகுப்பு 2003இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வந்தது. இதயத்தின் எடையும் சுவரின் தடிப்பும் இறைக்கும் திறனும் ஊசியால் உயர்ந்தன என்பது அதன் முடிவு. ஆனால் அந்த உயர்வு சிறிதளவே. எல்.டி.எல். கொழுப்பும் ஓரளவு இறங்குகிறது. மாரடைப்பு குறைந்தது என்றோ இறப்பு குறைந்தது என்றோ ஊசி பெற்றோரையும் பெறாதோரையும் முறைப்படி பிரித்து ஒப்பிட்டுக் காட்டிய ஆய்வு எதுவும் இல்லை. இங்கிலாந்து அரசின் வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2003இல் விதிகளை வகுத்தபோது, குறைபாடு கடுமையாக இருத்தல் வேண்டும், மற்ற ஹார்மோன்கள் ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருத்தல் வேண்டும், வாழ்க்கைத்தரம் குறைந்திருத்தல் வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளை விதித்தது. ஒன்பது மாதங்களுக்குப் பின் வாழ்க்கைத்தரம் உயரவில்லையெனில் நிறுத்திவிட வேண்டும் என்றும் கூறியது. இதயத்தைக் காரணம் காட்டி ஊசியை அது பரிந்துரைக்கவில்லை. அது செலவை அஞ்சிய முடிவு என்று குறைகூறுவோர் உண்டு. செலவை அஞ்சுவது தவறு என்று எங்களுக்குத் தோன்றவில்லை. மாதந்தோறும் பல ஆயிரம் ரூபாய் கேட்கும் மருந்துக்காக நகையை அடகுவைக்கும் குடும்பங்களை அறிந்தவர்கள் நாங்கள்.

பிறவியிலேயே வளர்ச்சி ஹார்மோன் மட்டும் குறைந்தவர்களின் கதை தனி. 1996இல் மும்பையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் இதற்கான மரபணுப் பிழை கண்டறியப்பட்டது. பின்னர் சிந்துப் பகுதியிலும், 1998இல் இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றிலும் அதே பிழை காணப்பட்டது. தொலைதூரத்து ஒரே மூதாதையரிடமிருந்து வந்ததாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே மரபணுவில் வேறொரு பிழையுடையோர் பிரேசில் நாட்டின் இத்தாபயானின்யா பகுதியில் நூற்றுவருக்கு மேல் வாழ்கிறார்கள். அவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பும் எல்.டி.எல்.லும் மிகுதி; ஆயினும் இரத்தக் குழாய்கள் முன்கூட்டியே அடைபடவில்லை, வளர்ந்து பெரியவர்களானோரின் ஆயுளும் குறையவில்லை. அவர்களுக்கு ஆறு மாதம் ஊசி போட்டபோது கழுத்துத் தமனியின் சுவர் தடித்ததாக அதே மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். நடுவயதில் குறைபாடு அடைந்தோரிடமோ ஊசியால் அச்சுவர் மெலிந்ததாகப் பிற ஆய்வுகள் சொல்லுகின்றன. ஒரே மருந்து இருவேறு உடலில் இருவேறு விதமாக நடந்துகொள்வதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஆகவே எவருக்கு ஊசி? சோதனையில் கடுங்குறைவு உறுதிப்பட்டவருக்கு; மற்றவை அனைத்தும் சரிசெய்யப்பட்ட பின்னும் சோர்வும் தசை இழப்பும் நீங்காதவருக்கு; அதனைத் தொடர்ந்து வாங்கும் வழியும் கண்காணிக்கும் மருத்துவரும் வாய்த்தவருக்கு. நாளொன்றுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் என்ற சிற்றளவில் தொடங்கி, ஐ.ஜி.எஃப்.-1 அளவைப் பார்த்துப் படிப்படியாக உயர்த்த வேண்டும். கணுக்காலில் நீர் கோப்பதும் மூட்டு வலிப்பதும் அளவு மிகுந்ததன் அடையாளங்கள். சர்க்கரை ஏறலாம். புற்றுநோய் உள்ளவருக்கும், சர்க்கரையால் கண்ணின் விழித்திரை கடுமையாகப் பழுதுற்றவருக்கும் ஆகாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிருக்குப் போராடிய நோயாளர்களுக்கு இதனைப் பேரளவில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் 1999இல் வெளிவந்தன. ஊசி பெற்றோரில் இறந்தவர்கள் பெறாதோரைவிட ஏறக்குறைய இரு மடங்கு. தசைக்கட்டுக்காக உடற்பயிற்சிக் கூடங்களில் இதனைக் கேட்டு வாங்கும் இளைஞர்களின் பெற்றோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஹார்மோன் மிகையாகச் சுரக்கும் அக்ரோமெகலி என்னும் நோயில் இதயம் தடித்துப் பருத்து இறுதியில் தளர்ந்துபோகிறது.

சோதனையைக் குறித்துப் பெரும் குழப்பம் நிலவுகிறது. ஒருவேளை இரத்தம் எடுத்து வளர்ச்சி ஹார்மோனின் அளவைப் பார்ப்பதால் பயனில்லை. விட்டுவிட்டுச் சுரப்பதால், நலமுடையவருக்கும் பகலில் அது மிகக் குறைவாகவே இருக்கும். அத்தாளைக் காட்டி ‘குறைவு’ என்று எவரேனும் ஊசி எழுதினால் ஏற்க வேண்டா. தூண்டல் சோதனையே முறையானது. அவற்றுள் பழையதும் பெயர்பெற்றதும் இன்சுலின் செலுத்தி இரத்தச் சர்க்கரையை வேண்டுமென்றே தாழ்த்திப் பார்க்கும் சோதனை. இதய இரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கும் வலிப்பு நோயருக்கும் அதனைச் செய்யலாகாது. உங்களுக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதைச் சோதனைக்கு முன் சொல்லிவிடுங்கள். குளுக்ககான் செலுத்திச் செய்யும் மாற்றுச் சோதனை உண்டு. மற்ற ஹார்மோன்கள் மூன்றோ அதற்கு மேலோ குறைந்து, ஐ.ஜி.எஃப்.-1உம் தாழ்ந்திருந்தால் தூண்டல் சோதனையே தேவைப்படாது.

இத்துணை அரிய நோய்க்காக எல்லாரிடமும் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது நேரவிரயம் அல்லவா என்று எங்களுக்குள்ளேயே சிலர் வினவுகிறார்கள். நூறு பேர் காத்திருக்கும் அறையில் அது பொருளற்ற வினாவன்று. ஆனால் எல்லாருக்கும் சோதனை செய்யச் சொல்லவில்லை. எல்லாரிடமும் மூன்று கேள்விகளைக் கேட்கவே சொல்கிறோம். பிரசவத்தில் உதிரம் பெருகியதா, பால் சுரந்ததா? தலையில் அடிபட்டு நினைவிழந்ததுண்டா? பாம்பு தீண்டியதுண்டா? அரை நிமிடம் போதும். செவிலியரே சீட்டில் குறித்துவிடலாம். ‘ஆம்’ என்று விடை வந்து, மேற்சொன்ன சோர்வும் உடன் இருந்தால், காலை எட்டு மணிக்கு எடுக்கும் கார்ட்டிசால் அளவும் தைராய்டு சோதனையுமே தொடக்கத்துக்குப் போதும். தைராய்டுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் போதாது. பிட்யூட்டரியே பழுதானவருக்கு அது இயல்பாகவே தோன்றி ஏமாற்றும். டி-4 அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தலைக்காயத்தோடு சேர்க்கப்பட்டு வீடு திரும்புவோரின் டிஸ்சார்ஜ் தாளில், ‘ஓராண்டுக்குள் ஹார்மோன் சோதனைக்கு வருக’ என்னும் ஒரு வரி இருக்க வேண்டும் என்பதும் எங்கள் விருப்பம். தொழிற்சாலை மருத்துவர்களும், விபத்துக்குப் பின் பணிக்குத் திரும்பும் தொழிலாளியைச் சோம்பேறி என்று எழுதும் முன் இவ்வரியை நினைக்கலாம்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். பழைய பிரசவச் சீட்டு, விபத்தின்போது எடுத்த ஸ்கேன், பாம்புக்கடிக்குச் சிகிச்சை பெற்ற தாள் எவையிருந்தாலும் கொண்டுவாருங்கள். தாள் இல்லையெனில் நினைவே போதும். தாயின் பிரசவக் கதையைப் பெற்ற மகன் அறிந்திருக்கமாட்டான். அத்தையோ பெரியம்மாவோ அறிவார்கள். அவர்களை அழைத்து வாருங்கள்.

கார்ட்டிசால் மாத்திரை எடுப்பவர் வீட்டில் அனைவரும் அறிந்திருக்க வேண்டியவை சில. காய்ச்சல் கண்டால் மருத்துவர் முன்னரே சொல்லிவைத்தபடி இரண்டு மூன்று நாள்களுக்கு மாத்திரையை இரு மடங்கோ மும்மடங்கோ ஆக்க வேண்டும். வாந்தியெடுத்து மாத்திரை தங்காவிட்டால் காத்திருத்தல் ஆகாது. அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சென்று 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடச் சொல்ல வேண்டும். நோயின் பெயரையும் மருந்தின் அளவையும் எழுதிய அட்டை எப்போதும் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலியிலும் எண்ணூரிலும் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளைச் சூழ்ந்து நின்றதை நாம் மறக்கவில்லை. மருந்துக் கடைக்குச் செல்ல வழியில்லாத அத்தகைய நாள்களில் இரண்டு நாள் மாத்திரை தவறினாலே இவர்களுக்கு ஆபத்து. மழைக்காலம் தொடங்குமுன் இரண்டு வாரத்துக்கான மாத்திரைகளைக் கூடுதலாக வாங்கி, நீர்புகாத உறையில் இட்டு, அட்டையின் நகலையும் அதனோடு சேர்த்து, பரண்மேல் வைத்துவிடுங்கள்.